பெட்டகத்தின் சாவியும் ஓர் அமானத்

(இஷா தொழுகைக்குப் பின் நடைபெற்ற மஹல்லா குடும்பக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி இரவை நம்மில் எவரும் மறந்திருக்க இயலாது. அடையாறு கரைபுரண்டு, சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் ஜாபர்கான்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்த பின் பீரோவைத் திறந்து பார்த்தவர்கள், வீட்டுப் பத்திரமும் பள்ளிச் சான்றிதழும் கூழாகிக் கிடக்கக் கண்டனர். பின்னர் அரசு சிறப்பு முகாம்களை நடத்தி, கட்டணமின்றி மறுபிரதிகளை வழங்கியது. அது எவ்வாறு இயன்றது? அலுவலகங்களில் பதிவேடு இருந்தமையால் இயன்றது. நம் கையிலிருந்த தாள் அழிந்தாலும் அதன் மூலம் வேறோர் இடத்தில் பத்திரமாக இருந்தது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, அத்தகைய பதிவேடு எந்த அலுவலகத்திலும் இல்லாத ஒரு பொருளைப் பற்றியது. அதுவே பாஸ்வேர்டு மேனேஜர் எனப்படும் கடவுச்சொல் பெட்டகத்தைத் திறக்கும் மூலக் கடவுச்சொல்.

ஒரு குடும்பத்தில் இன்று எத்தனை கடவுச்சொற்கள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். வங்கி, வருமான வரி, வருங்கால வைப்பு நிதி, மின்கட்டணம், மின்னஞ்சல், பிள்ளைகளின் கல்லூரி என்று பட்டியல் நீள்கிறது. நம் ஜமாஅத்துக்கும் இது பொருந்தும். வக்ஃபு சொத்துகளின் விவரங்களைப் பதிவேற்றுவதற்கான உம்மீத் தளம் 2025 ஜூன் 6ஆம் நாள் தொடங்கப்பட்டது முதல், முத்தவல்லியின் பெயரில் அமைந்த கணக்கு பள்ளிவாசலின் ஆவணங்களுக்கே ஒரு வாயிலாகிவிட்டது. இத்தனையையும் நினைவில் வைக்க இயலாமையால், நாம் எல்லா இடத்திலும் ஒரே சொல்லை இடுகிறோம். ஓரிடத்தில் அது களவு போனால் எல்லாக் கதவுகளும் திறந்துகொள்கின்றன. அல்லது பிரௌசிங் சென்டர் தம்பியின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லிவிட்டு வருகிறோம்.

இதற்குத் தீர்வாக வந்தவையே கடவுச்சொல் பெட்டகங்கள். பிட்வார்டன், கீபாஸ், ஒன்பாஸ்வேர்டு எனப் பல உள்ளன. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தோன்றி, 2009இல் ஸோஹோ எனப் பெயர் மாறிய நம் சென்னை நிறுவனமும் ஸோஹோ வால்ட் என்ற பெட்டகத்தை வழங்குகிறது. ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறான, எவராலும் ஊகிக்க இயலாத கடவுச்சொல்லைப் பெட்டகமே உருவாக்கிக் காத்துக்கொள்ளும். நாம் நினைவில் கொள்ள வேண்டியது மூலக் கடவுச்சொல் ஒன்றை மட்டுமே.

ஆனால் இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டும். இப்பெட்டகங்கள் பெரும்பாலும் மூலக் கடவுச்சொல்லைத் தம்மிடம் வைத்துக்கொள்வதில்லை. நாம் இடும் சொல்லை நம் கருவியிலேயே இலட்சக்கணக்கான முறை கணக்கிட்டு ஒரு சாவியாக்கி, அச்சாவியால் பெட்டகத்தைப் பூட்டிவிடுகின்றன. ஆகவே நிறுவனத்தின் ஊழியராலும் அதைத் திறக்க இயலாது. இது பாதுகாப்பு. நாம் மறந்துவிட்டால் அவர்களாலும் திறந்து தர இயலாது. இது சோதனை. இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்.

முதலில், மூலக் கடவுச்சொல்லைத் தெரிவு செய்வது பற்றிக் கூறுவோம். நம் வழக்கம் நமக்குத் தெரியும். பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு, வண்டி எண். இவற்றோடு பரக்கத்துக்காக 786 என்பதையும் சேர்த்துவிடுகிறோம். சகோதரர்களே, நம் பெயரைக் கண்ட மாத்திரத்தில் திருடன் முதலில் சேர்த்துப் பார்க்கும் எண் அதுவாகவே இருக்கும். புகழ்பெற்ற வரிகளும் மனப்பாடமான பாடல்களும்கூட இதற்கு ஆகா. நமக்கு மனப்பாடமானது உலகுக்கும் மனப்பாடம்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு ஆகியவற்றைக் கலந்து, அதை அடிக்கடி மாற்ற வேண்டும் என்று நெடுங்காலமாக நமக்குச் சொல்லப்பட்டது. அவ்வறிவுரையை 2003இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக எழுதிய பில் பர் என்பவரே, அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017இல் கூறினார். அதே ஆண்டு அந்நிறுவனமும் தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. சிக்கலைவிட நீளமே வலிமை என்பதும், களவு போனதற்கு அறிகுறி இன்றி மாற்றத் தேவையில்லை என்பதும் இன்றைய தெளிவு.

நீளமாகவும் நினைவில் நிற்பதாகவும் இருக்க ஒரு வழி உண்டு. ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் 1995இல் வகுத்த தாயக்கட்டை முறை அது. ஆறு முகம் கொண்ட கட்டையை ஐந்து முறை உருட்டினால் 7,776 விதமான எண்கள் வரக்கூடும். அத்தனை சொற்கள் கொண்ட பட்டியலில் வந்த எண்ணுக்குரிய சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு சொற்களுக்கே 6 கோடியே 4 இலட்சத்து 66 ஆயிரத்து 176 சேர்க்கைகள். அதன்பின் சேரும் ஒவ்வொரு சொல்லும் அதை மேலும் 7,776 மடங்காக்கும். ஆறு சொற்கள் எடுத்தால் போதுமானது. பட்டியல் கைவசம் இல்லாதவர்கள் பிள்ளைகளின் அகராதியை ஆங்காங்கே திறந்து, கண்ணை மூடி விரல் வைத்த சொல்லை எடுக்கலாம். கட்டைக்கு ஈடாகாது எனினும் பிள்ளையின் பெயரைவிட நூறு மடங்கு மேல். "நாவல் தராசு ஓடம் கம்பளி எறும்பு சுண்ணாம்பு" என்பது போல் அமையும். இது அச்சேறிவிட்டதால் இதையே எவரும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. நெடிலுக்கு ஓர் எழுத்தா இரண்டு எழுத்தா, 'ழ' என்பதற்கு எவ்வெழுத்து என்பதை அன்றே முடிவு செய்து, அவ்வெழுத்துகளிலேயே எழுதி வைக்க வேண்டும். சொல் நினைவிருந்தும் எழுத்து மறந்து வாயிலில் நிற்போரை நாம் கண்டிருக்கிறோம்.

இவ்வளவு நீளம் எதற்கு என்று கேட்கலாம். 2022இல் லாஸ்ட்பாஸ் என்னும் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளைத் திருடர்கள் எடுத்துச் சென்றனர். பெட்டகங்கள் பூட்டியே இருந்தன. ஆனால் திருடன் தன் இடத்தில் அமர்ந்து, ஆண்டுக்கணக்கில் சாவிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அங்கே நம்மைக் காப்பது மூலக் கடவுச்சொல்லின் வலிமை ஒன்றே.

அடுத்து, மீட்பது பற்றி. நம் மஹல்லாவில் நடந்ததைப் பெயர் குறிப்பிடாமல் கூறுகிறோம். கணக்கு வழக்கில் மிகுந்த ஒழுங்குடைய ஒரு சகோதரர் எல்லாவற்றையும் பெட்டகத்தில் பூட்டி வைத்திருந்தார். ஒரு நாள் திடீரென மவுத்தாகிவிட்டார். இத்தாவில் இருந்த அவருடைய துணைவியாருக்கு எந்தக் காப்பீடு, எந்த வைப்புத்தொகை, எவரிடம் கைமாற்று என எதுவும் தெரியவில்லை. மகன் பல மாதங்கள் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினார். அதைவிட அவரை வருத்தியது வேறொன்று. "வாப்பா யாருக்கேனும் கடன் கொடுக்க வேண்டியிருந்தால் அதை எப்படி அறிவோம்?" என்று நம்மிடம் கேட்டார். அதற்கு நம்மிடம் விடை இல்லை.

ஆகவே மீட்பு என்பது மறந்த பின் தேடும் வழியன்று. சொல்லைத் தெரிவு செய்த அன்றே செய்து முடிக்க வேண்டிய கடமை. தாளில் தெளிவாக எழுதுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். இரண்டும் ஒரே பீரோவில் இருக்கலாகாது. 2015 நமக்குக் கற்பித்த பாடம் அது. ஒன்று நம் வீட்டில் தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மற்றொன்று உறையிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையொப்பமிட்டு, வேறு பகுதியில் வாழும் நம்பிக்கைக்குரிய உறவினரிடமோ வங்கி லாக்கரிலோ இருக்கட்டும். வஸிய்யத் எழுதுவோர் அந்த உறை இருக்கும் இடத்தையும் அதில் குறிப்பிடலாம். பிட்வார்டனின் கட்டணச் சேவையில், நாம் நியமித்தவர் விண்ணப்பித்து, நாம் குறித்த நாட்களுக்குள் மறுக்காவிட்டால் அவருக்குப் பெட்டகம் திறக்கும் ஏற்பாடும் உண்டு.

ஜமாஅத்தின் கணக்குகளுக்கும் இவ்வாறே முத்தவல்லியிடம் ஓர் உறை, பொருளாளரிடம் ஓர் உறை இருக்க வேண்டும். நிர்வாகம் மாறும்போது மூலக் கடவுச்சொல்லையும் மாற்றி, புதிய உறைகளைப் பொதுக்குழுவின் முன்னிலையில் ஒப்படைக்க வேண்டும்.

ஏற்கெனவே மறந்துவிட்டவர்கள் பதற வேண்டாம். விசைப்பலகையின் மொழி, பெரிய எழுத்து விசை, இறுதியில் விழுந்த இடைவெளி ஆகியவற்றை முதலில் பாருங்கள். கைப்பேசியில் விரல் ரேகையால் பெட்டகம் இன்னும் திறக்குமாயின், செயலியை விட்டு வெளியேறாமலும் கைப்பேசியை அணைக்காமலும், உள்ளிருப்பவற்றை உடனே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையெனில், ஒவ்வொரு தளத்திலும் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்ற வழியே புதிதாக அமைக்க வேண்டியதுதான். அதற்கு மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உயிர்நாடி. எனவே மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் அதே தாளில் எழுதி வையுங்கள். மீட்டுத் தருகிறேன் என்று எவரேனும் தொலைபேசியில் அழைத்தால் துண்டித்துவிடுங்கள். பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

அருமைச் சகோதரர்களே, நம் பள்ளிவாசலின் உண்டியல் சாவியை எவர் வைத்திருக்கிறார் என்பது நம் அனைவருக்கும் தெரியும். நம் வீட்டுப் பெட்டகத்தின் சாவி எங்கே என்பது நம் வீட்டார்க்குத் தெரியுமா? இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் ஒரு தாளையும் இரண்டு உறைகளையும் எடுத்து வைத்து அமருங்கள். பத்து நிமிட வேலை. நமக்குப் பின் நம் குடும்பத்தார் அலையாமல் இருக்கவும், நம் கடன் எவர் தலையிலும் தங்காமல் இருக்கவும் அது உதவும். வல்ல இறைவன் அதற்குத் துணை நிற்பானாக.

வஸ்ஸலாம்.