மன்னர் தந்த ஒளியும் மக்கள் பெற்ற உரிமையும்



பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அறிவையும் கல்வியையும் போற்றிய மன்னர்கள் சிலர் தோன்றினார்கள். ஆஸ்திரியாவின் இரண்டாம் ஜோசப் 1781இல் பண்ணையடிமைகளின் கட்டுகளைத் தளர்த்தினார். நல்ல காரியந்தான். ஆனால் அது மன்னர் மனமிரங்கித் தந்த கொடை. 1789இல் பிரான்சு நாட்டு மக்கள் புரட்சி செய்தபோது, மனிதர் யாவரும் பிறப்பிலேயே உரிமையில் சமம் என்று சாற்றினார்கள். கொடை வேறு, உரிமை வேறு. இந்த வேற்றுமையைத்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த தஞ்சை மண்ணிலும் அத்தகைய மன்னர் ஒருவர் இருந்தார். அவர் 1798இல் அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜி. சுவார்ட்சு பாதிரியாரிடம் கல்வி பயின்றவர். சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளோடு ஐரோப்பிய நூல்களையும் ஆயிரக்கணக்கில் சேர்த்தார். அச்சுக்கூடம் வைத்தார். கண்நோயாளிகளின் நோயையும் சிகிச்சையையும் படத்தோடு எழுதிவைக்கச் செய்தார்.

ஆனால் நாடு அவர் கையில் இல்லை. 1799 உடன்படிக்கையின்படி ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போய்விட்டது. மன்னருக்கு மிஞ்சியவை கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் உதவித்தொகையுமே. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக மல்லிப்பட்டினம் கடற்கரையில் மனோரா என்னும் கோபுரத்தை எழுப்பியவரும் அவரே. தம் ஆட்சியைப் பறித்தவர்களின் வெற்றிக்கு அவரே நினைவுச்சின்னம் கட்டினார்!

அரண்மனையில் இத்தனை விளக்குகள் எரிந்தபோது வயலில் என்ன நடந்தது? தஞ்சை வயல்களில் உழைத்த பண்ணையாட்கள் அடிமைகளாகவே கிடந்தார்கள். அடிமையுரிமையை நீதிமன்றம் ஏற்காது என்ற சட்டம் 1843இல்தான் வந்தது. அதன்பின்னும் கடனும் பசியும் அவர்களை விடவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களில் அவர்களின் வழிவந்தவர்களும் உண்டு.

அவர்கள் வந்து சேர்ந்த பேராக்கிலும் அதே கதைதான். 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கையின்படி சுல்தான் அரியணையில் இருந்தார். மலாய்ச் சமயமும் வழக்கமும் நீங்கலாக மற்ற எல்லாவற்றிலும் ஆங்கிலேய ரெசிடெண்டு சொல்வதையே கேட்க வேண்டும் என்றானது. மறு ஆண்டு முதல் ரெசிடெண்டான பர்ச், பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அவர் பெயரால் 1909இல் ஈப்போவில் மணிக்கூண்டு எழுந்தது. இன்று அது நிற்கும் சாலைக்கோ, அந்த வழக்கில் தூக்கிலிடப்பட்ட டத்தோ சாகோரின் பெயர்! மக்கள் கையில் ஆட்சி வந்தால் தெருவின் பெயரும் மாறுகிறது.

நம் பள்ளிகளின் கதையும் இதையே சொல்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆனால் பல தோட்டங்களில் கொட்டகையே பள்ளி, கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். கேட்பதற்கு ஆளில்லாத சட்டம் அப்படித்தான் நடக்கும். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றது. குடியுரிமை பெற்றவர்கள் கையில் வாக்குச்சீட்டு வந்தது. கேட்கும் குரலுக்கு அப்போதுதான் வலிமை வந்தது.

1855இல் தஞ்சை அரசே மறைந்தது. சரசுவதி மகால் மட்டும் நிலைத்தது. 1918இல் அது பொதுமக்களின் நூலகமானது. ஊராருக்குச் சொந்தமானது நிற்கிறது.

இன்று ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. லயத்தை விட்டு வந்த நாம் உரிமையையும் அங்கேயே விட்டுவிடலாகாது. பிள்ளை பிறந்தவுடன் பிறப்புப் பத்திரம் எடுப்போம். பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை பெறச் செய்வோம். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குத் தாயும் தந்தையும் போவோம். தேர்தலில் தவறாமல் வாக்களிப்போம். யாரோ தருவார் என்று காத்திருப்பதைவிட, நமக்கு உரியது எது என்று அறிந்து கேட்பதே அறிவு.