பள்ளிக்கூட வாசலில் காக்கிச்சட்டை



பள்ளிப் பாதுகாப்பு பற்றித் திருவேற்காட்டில் ஒரு கருத்தரங்கு, நீங்கள் தலைமை ஏற்க வேண்டும் என்று கேட்டபோது யோசிக்காமல் ஒப்புக்கொண்டேன். முப்பத்தோரு ஆண்டுகள் இந்தச் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பாடம் எடுத்தவள் நான். இன்றைய கேள்வி என் வகுப்பறைக்குள்ளேயே வந்து நின்றிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

2024 நவம்பர் 20 அன்று தஞ்சாவூர் மாவட்டம் மல்லிப்பட்டினம் அரசுப் பள்ளியில், வெளியிலிருந்து வந்த ஒருவன் 26 வயது ஆசிரியையைப் பள்ளிக்குள்ளேயே குத்திக் கொன்றான். அந்த வாரம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்து நின்ற தாய்மார்கள் சிலர் என்னிடமே கேட்டார்கள்: "ஸ்கூல் வாசல்ல துப்பாக்கியோட ஒரு போலீஸ நிறுத்தினா என்ன டீச்சர்?" அந்தப் பயம் நியாயமானது. அதை அறியாமை என்று ஒதுக்குகிறவர் இந்த அவையில் இருக்கக்கூடாது.

ஆனால் நடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். 2012 பிப்ரவரியில் சென்னை பாரிமுனைப் பள்ளி ஒன்றில் ஆசிரியையைக் குத்தியவன் அவரிடமே படித்த ஒன்பதாம் வகுப்பு மாணவன். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனை வெட்டினான். தடுக்கப்போன ஆசிரியைக்கும் வெட்டு. குத்தியவனும் வெட்டியவனும் தினமும் வணக்கம் சொல்லிவிட்டு வாசலைக் கடக்கும் பிள்ளைகள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளியில் தொடங்கிய சாதித் தொல்லை அரிவாளாக மாறியது பள்ளியில்கூட இல்லை, இரவில், தொல்லைக்கு ஆளான மாணவனின் வீட்டில். வாசலில் நிறுத்தும் காவலர் எதைத் தடுத்திருப்பார்? மல்லிப்பட்டினத்தை ஒருவேளை தடுத்திருக்கலாம். அதற்கும் வேண்டியிருந்தது பூட்டிய கேட்டும், வருகிறவரின் பெயர் கேட்டு எழுதும் ஓர் ஆளும்தான்.

அமெரிக்கா இந்த வழியில் வெகுதூரம் போய்ப் பார்த்துவிட்டது. கொலம்பைன் பள்ளியில் 1999-இல் துப்பாக்கிச்சூடு நடந்தபோது ஆயுதம் தாங்கிய காவலர் அங்கே பணியில் இருந்தார். 2018-இல் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் செத்தபோது காவலர் கட்டடத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். 2022 மே மாதம் யுவால்டி பள்ளியில் 376 காவலர்கள் கூடியிருந்தும் 77 நிமிடம் கடந்தே கொலைகாரனை வீழ்த்தினார்கள். 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் மடிந்தார்கள். கடையில் துப்பாக்கி வாங்கக் கிடைக்கும் நாட்டின் நிலைமை அது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தால் நம் ஊரில் உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. நம் பள்ளிக்குள் நுழையும் முதல் துப்பாக்கி நாமே கொண்டுவந்து வைத்ததாக இருக்க வேண்டுமா? இரவில் அது எங்கே இருக்கும்? தோட்டாவை எண்ணி யார் கையெழுத்துப் போடுவது? பல அரசுப் பள்ளிகளில் பூட்டு ஒழுங்காக விழும் பீரோ ஒன்றே ஒன்று, தலைமையாசிரியர் அறையில்.

நம் சட்டம் இதை நம்மைவிட நன்றாக யோசித்திருக்கிறது. போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவு, குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் காவல் அலுவலர் சீருடையில் இருக்கக்கூடாது என்கிறது. இளைஞர் நீதி விதிகளும் குழந்தைகளோடு பேசும் காவலர் இயன்றவரை சாதாரண உடையில் இருக்கச் சொல்கின்றன. குழந்தையின் முன் காக்கியையே கழற்றி வைக்கச் சொல்லும் சட்டம் இருக்கையில், இடுப்பில் துப்பாக்கியோடு தினமும் நிற்பதை எப்படிக் கேட்போம்?

என் வகுப்பில் நடந்தது இது. மதிய இடைவேளை முடிந்து முதல் பாடவேளை. காணாமல் போன சைக்கிள் ஒன்றை விசாரிக்க ஒரு காவலர் நேராக வகுப்புக்குள் வந்தார். கையிலிருந்த லத்தியை என் மேசையில், வருகைப் பதிவேட்டின் மேல் வைத்தார். மூன்றாம் பெஞ்சுப் பையன் ஒருவனின் பெயரைச் சொன்னார். அவன் எழுந்து உள்ளங்கை இரண்டையும் டிராயரில் துடைத்துக்கொண்டான். வேப்பமரத்தடியில் கால்மணி நேரம் விசாரணை. சைக்கிள் அன்று சாயங்காலமே வேறு தெருவில் கிடைத்துவிட்டது. பையன் அதன்பிறகு பள்ளிக்கு வரவில்லை. மூன்று வருடம் கழித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறை வாசலில் "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டான். அன்று அந்த லத்தியை எடுத்து வெளியே வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

காவல்துறையே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. கோவையில் 2022-இல் தொடங்கிய 'போலீஸ் அக்கா' திட்டத்தில் கல்லூரி மாணவிகள் பெண் காவலரிடம் மனம்விட்டுப் பேசினார்கள். அதே ஆண்டு சென்னை மாநகரக் காவல்துறை 100 பள்ளிகளில் மாணவர்களை நல்வழிப்படுத்தும் 'சிற்பி' திட்டத்தைத் தொடங்கியது, மதிப்பு 4.25 கோடி ரூபாய், அதாவது பள்ளிக்கு நாலேகால் லட்சம்.

பணக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஆயிரம் பேருக்கு மேல் படிக்கும் அரசுப் பள்ளிக்குச் சமக்ர சிக்ஷாவில் ஆண்டு மானியம் 1 லட்சம் ரூபாய். சாக்பீஸ், குழாய், கழிப்பறை எல்லாம் அதற்குள். இரண்டாம் நிலைக் காவலரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 18,200. படிகள் சேர்க்காமலே வருடத்துக்கு 2,18,400. விடுப்பு நாளுக்கு மாற்று ஆள் வேறு. பள்ளி மானியத்திலிருந்து இதைக் கொடுக்கவே முடியாது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் வசூலிக்கலாம் என்பவர்களுக்கு: வசதியுள்ள பள்ளிக்குக் காவல், ஏழைப் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு இல்லை என்றுதான் அது முடியும்.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றது. புதுச் செலவு செய்வதானால் என் முதல் ஓட்டு அதற்கு. அடுத்தது, ஒவ்வொரு வாசலுக்கும் அரசு சம்பளம் கொடுக்கும் ஒரு வாயிற்காவலருக்கு. மூன்றாவதற்குப் புதிய பதவியே வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகளுக்கென்றே ஒரு குழந்தைகள் நலக் காவல் அலுவலரை வைக்கச் சொல்கிறது. அந்தப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஆடி மாதம் வந்தால் கோயில் பந்தோபஸ்து, அமைச்சர் வந்தால் சாலைப் பந்தோபஸ்து. "குழந்தைகளுக்கென்றே" என்று சட்டத்தில் இருப்பது டியூட்டி பட்டியலிலும் ஏற வேண்டும்.

நம் பகுதியில் அந்தப் பொறுப்பில் உள்ள அம்மையார் இதோ இரண்டாம் வரிசையில், நீலப் புடவையில் அமர்ந்திருக்கிறார். கட்டுரைகளுக்கு முன் அவரே முதலில் பேசட்டும். தன் பொறுப்பில் எத்தனை பள்ளிகள், வாரத்தில் எத்தனை மணி நேரம் அவற்றுக்குக் கிடைக்கிறது என்பதை மட்டும் அவர் சொன்னால் போதும். அம்மா, மேடைக்கு வாருங்கள்.