போருக்குப் பெயரிட்டவர் யார்?



இன்று தான்சானியா எனப்படும் நாட்டின் சுவாகிலிக் கடற்கரையில் செருமானியர் காலூன்றியபோது, அக்கரையின் புலவர்கள் அதை எவ்வாறு பாடினர் என்பதே என் பொருள்.

1888 ஏப்ரலில் சான்சிபார் சுல்தான் கரையின் ஆட்சியையும் சுங்கத்தையும் செருமன் கிழக்காப்பிரிக்கக் கும்பெனியாருக்கு 50 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார். ஆகஸ்டில் பங்கானி நகரில் அவர்கள் தம் கொடியை ஏற்ற முற்பட்டதும் ஊர் கொதித்தது. அபுஷிரி பின் சலீம் தலைமையில் எழுந்தவர்களுள் தோட்டக்காரரும் இருந்தனர். எளிய நகரத்தாரும், உள்நாட்டிலிருந்து வந்தவரும் இருந்தனர். பெர்லினோ இதற்கு 'அராபியர் கலகம்' என்று பெயர் சூட்டிற்று. அடிமை வணிகரின் கலகம் என்றால்தானே பணம் பிறக்கும்! 1889 சனவரியில் செருமன் நாடாளுமன்றம் 20 இலட்சம் மார்க்கு வழங்கியது. விஸ்மன் என்பார் சூடானியக் கூலிப்படையோடு வந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அபுஷிரி பங்கானியில் தூக்கிலிடப்பட்டார்.

இனிக் கவிதைக்கு வருவோம். தாங்கா வட்டாரத்தைச் சேர்ந்த ஹெமேதி பின் அப்தல்லா அல் புஹ்ரி இந்நிகழ்ச்சிகளை நெடும்பாட்டாகப் பாடினார். 'ம்ரீமாவைக் கைப்பற்றச் செருமானியர் செய்த போர்' என்பது அதன் பெயரின் பொருள். ம்ரீமா என்பது அக்கரைக்கு அம்மக்கள் வழங்கும் பெயர். பெயரிலேயே வழக்கு முடிந்துவிடுகிறது. கலகம் எனின் குற்றம் உள்ளூராருடையது. போர் எனின், தொடுத்தவன் யார் என்ற கேள்வி எழுகிறது.

யாப்புக் கற்பிப்பவள் என்பதால் வடிவத்தை விட்டுச் செல்ல மனமில்லை. 'உதென்சி' என்னும் அவ்வடிவில் அடிக்கு எட்டு அசை, பாட்டுக்கு நான்கு அடி. முதல் மூன்றடிகள் தம்முள் இயைபு கொள்ளும். நான்காமடியின் இயைபோ நூல் முழுவதும் மாறாது தொடரும். (நம் அசைக் கணக்கு வேறு, அங்கே ஓர் உயிரொலிக்கு ஓர் அசை.) சமயப் பெருங்கதைகளைப் பாடுவதற்குரிய யாப்பு அது, ஹெமேதியே நபிகளார் வரலாற்றை அதில் பாடியவர். அதே யாப்பில் தம் கண்முன் நிகழ்ந்த தோல்வியைப் பாடினார் எனின், அத்தோல்விக்கு அவர் அளித்த தகுதி விளங்கும்.

மறுபுறம், வென்றவரைப் புகழ்ந்த பாடல்களும் உண்டு. செருமன் அறிஞர் கார்ல் வெல்ட்டன் திரட்டி வெளியிட்ட தொகுப்பில் அவற்றைக் காணலாம். கில்வாவின் ஹசன் பின் ஒமாரி மகுங்கன்யா 1895இல் தூக்கிலிடப்பட்ட செய்தியும் அதில் பாடப்பட்டுள்ளது. இவற்றை முகத்துதி என்று ஒதுக்குவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தூக்குமரத்தின் நிழலில் பாடியவன், ஆள்வோரின் ஆற்றலைப் புகழும் அதே அடியில் அச்சத்தையும் பதிந்துவிடுகிறான். மேலும் திரட்டியவர் யார் என்பதையும் எண்ண வேண்டும். வெல்ட்டன் செருமன் ஆளுநரிடம் மொழிபெயர்ப்பாளராய் இருந்தவர். அவர் கையில் புகழ்ப்பாட்டைக் கொடுப்பது எளிது. ஹெமேதியின் பாட்டோ, செருமானியர் அந்நாட்டை இழந்து பல்லாண்டு கழிந்தபின், 1955இல்தான் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சேறியது.

1905 முதல் 1907 வரை மாஜி மாஜிப் போர் தென்பகுதியை அழித்தது. லிண்டியைச் சேர்ந்த அப்துல் கரீம் பின் ஜமாலித்தீனி அதனைப் பாடியபோது எடுத்துக்கொண்டதும் அந்த உதென்சி யாப்பையே.