மோட்டார் எரியாமல் இருக்க

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் கே.ஜி.கண்டிகை மோட்டார் காயில் கட்டும் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை)



திருத்தணிக்குப் பக்கத்தில் கே.ஜி.கண்டிகையில் மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். உங்க மோட்டார் எரிந்தால்தான் என் வீட்டில் உலை கொதிக்கும். அப்படிப்பட்டவன் மோட்டார் எரியாமல் இருக்க வழி சொல்கிறானே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. மோட்டார் என் கடையில் கிடக்கிற நாலு நாளும், அங்கே பூவெடுத்த வேர்க்கடலை தண்ணியில்லாமல் வாடுகிறது. காயில் கூலியைவிட அந்த நஷ்டம்தான் பெரிசு.

“அண்ணே, போன மாசந்தானே கட்டினோம், அதுக்குள்ளே போயிடுச்சே!” என்று வருவார்கள். மூடியைக் கழற்றினால் காயிலே உண்மையைச் சொல்லிவிடும். சுற்றிலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால், பெரும்பாலும் சுமை தாங்காமல் வெந்திருக்கிறது என்று அர்த்தம். டெல்டா இணைப்பு மோட்டாரில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கரியாகி, மீதி புதுசாகப் பளபளக்கிறதா? ஸ்டார் இணைப்பில் இரண்டு பங்கு கரியாகி, ஒரு பங்கு நன்றாக இருக்கிறதா? அப்படியானால் மூன்று பேஸில் ஒன்று இல்லாமலே மோட்டார் ஓடியிருக்கிறது. என் கடைக்கு வருவதில் இந்த ரகம்தான் அதிகம்.

அந்தக் காலத்தில் இரண்டு மாடு பூட்டிக் கவலை இறைத்தோம். ஒரு மாடு படுத்துக்கொண்டால் மற்ற மாட்டின் கழுத்து என்ன ஆகும்? அதே கதைதான் இங்கேயும். 5 குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் சுமார் 7½ ஆம்பியர் இழுக்கும். ஓடும்போது ஒரு பேஸ் போனால், மீதி இரண்டிலும் அது சுமார் 13 ஆம்பியராக ஏறிவிடும். ஸ்டார்ட்டரைப் பிடித்து வைத்திருக்கும் நோ-வோல்ட் காயில் இரண்டு பேஸில்தான் நிற்கிறது. மூன்றாவது பேஸ் போனது அதற்குத் தெரியாது.

“பியூஸ் இருக்குதே, அது போயிருக்க வேண்டாமா?” என்று கேட்பீர்கள். மோட்டார் கிளம்பும்போது சில விநாடி ஆறு மடங்கு, அதாவது 45 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கெல்லாம் உருகிவிடாத கம்பியாகத்தான் பியூஸில் போட வேண்டியிருக்கிறது. 23-ஆம் நம்பர் ஈயம் பூசிய தாமிரக் கம்பி 20 ஆம்பியர் தாங்கும். 38 ஆம்பியர் வாக்கில்தான் உருகும். 13 ஆம்பியரை அது சட்டை செய்யாது. பியூஸ் மேல் குற்றமில்லை. ஷார்ட் ஆனால் வயரையும் லைனையும் காப்பாற்றுவது அதன் வேலை. மோட்டாரைக் காப்பது ரிலேயின் வேலை.

ஆனால் நம்மில் சிலர் என்ன செய்கிறோம்? பியூஸ் அடிக்கடி போகிறதே என்று, கேபிளை உரித்து நாலைந்து தாமிர இழையை முறுக்கிக் கட்டிவிடுகிறோம். 18-ஆம் நம்பர் கம்பியே உருக 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அந்த நிலையில் உங்க கேபிளில் ஷார்ட் ஆனால் உங்க கட்டை நிற்கும். டிரான்ஸ்பார்மரில் ஒரு பியூஸ் போகும். அப்புறம் அதே டிரான்ஸ்பார்மரில் ஓடுகிற அக்கம்பக்கத்து மோட்டார் எல்லாம் இரண்டு பேஸில் முனகும். ஒருவர் கட்டின தடித்த கம்பி அடுத்த கொல்லைக்காரர் மோட்டாரை எரிக்கிறது என்பது இப்படித்தான். பழுதுக்குக் கிட்டே உள்ள பியூஸ்தான் முதலில் போக வேண்டும். மூன்று கட்டையிலும் ஒரே நம்பர் கம்பி இருக்க வேண்டும்.

அடுத்தது ஓவர்லோடு ரிலே. அதற்குள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய தகடு இருக்கிறது. கரண்ட் கூடினால் சூடாகி வளைந்து ஸ்டார்ட்டரை விடுவித்துவிடும். மோட்டார் பட்டையில் போட்டிருக்கும் ஆம்பியரைத்தான் அதில் வைக்க வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே காயில் வழியில் இருந்தால் அதில் 58 சதவீதம். சரியாக வைத்த ரிலே, ஒரு பேஸ் போனாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிடும். திருகைக் கடைசி வரை தள்ளி வைப்பதும், ஸ்டார்ட்டரில் குச்சி சொருகுவதும், காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது மாதிரிதான்.

ரிலே சின்ன சமாச்சாரம் என்று எண்ண வேண்டாம். 2012 ஜூலை 30-ஆம் தேதி விடியற்காலை, வடக்கே பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைனில் பழுது எதுவும் இல்லை. ஏறிய சுமையைப் பழுது என்று எடுத்துக்கொண்டு ரிலே லைனைப் பிரித்தது. வட இந்தியா முழுக்க இருண்டது. மறுநாளும் மின்தொகுப்பு விழுந்தது. அன்றைக்குத் தென்னாட்டு மின்தொகுப்பு வடக்கோடு ஒன்றாக ஓடவில்லை. 2013 டிசம்பர் 31-இல்தான் இணைந்தது. அதனால் நாம் தப்பித்தோம். ரிலேயின் அளவு கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு.

ரிலேயோடு கூட, ஒரு பேஸ் போனதும் சில விநாடியில் நிறுத்தும் பிரிவென்டர் ஒன்றும் போடுங்க. கரண்ட்டைப் பார்க்கிற ரகமாக வாங்குவது நல்லது. ஏனென்றால் ஓடுகிற மோட்டாரே இல்லாத பேஸில் கொஞ்சம் வோல்டேஜ் காட்டும். வோல்டேஜை மட்டும் பார்க்கிற கருவி ஏமாந்து போகலாம். இரண்டு பேஸில் கன்டென்சர் போட்டு ஓட்டுகிற வித்தையையும் விட்டுவிடுங்க.

நம்ம பக்கம் பாறைப் பூமி. போரில் தண்ணி இறங்கிவிட்டால் சப்மெர்சிபிள் மோட்டார் வெறுமனே சுற்றும். அப்போது கரண்ட் கூடாது, குறையும். ஓவர்லோடு ரிலேக்கு அது தெரியாது. அந்த மோட்டாருக்குத் தண்ணிதான் குளிர்ச்சி. ஆகவே கரண்ட் குறைந்தால் நிறுத்தும் டிரை-ரன் கருவி வேணும்.

கடைசியாக, உயிர் விஷயம். மோட்டார் உடம்பில் கரண்ட் கசிகிறது. கோடையில் மண் காய்ந்து எர்த் வழியின் தடை 20 ஓம் என்று வச்சுக்கோங்க. 230 வோல்ட்டுக்கு 11½ ஆம்பியர்தான் ஓடும். அதற்குப் பியூஸ் போகாது. மோட்டார் சுற்றிக்கொண்டேயிருக்கும், பைப்பைத் தொட்டவர் விழுவார். பியூஸும் ஓவர்லோடு ரிலேயும் ஆளைக் காக்காது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் கருவிதான் காக்கும். எர்த் குழிக்குக் கோடையில் தண்ணி ஊற்றி ஈரமாக வைத்திருங்க.

டிரான்ஸ்பார்மர் பியூஸ் போனால் நீங்களே ஏறவே வேண்டாம். வாரியத்து ஆளைக் கூப்பிடுங்க. இரண்டு மணி நேரம் தாமதமானால் கழனி காத்திருக்கும்.

இன்றைக்கே போய் உங்க பியூஸ் கட்டை மூன்றையும், மெயினை அணைத்துவிட்டுக் கழற்றிப் பாருங்க. தடித்த கம்பி இருந்தால் மாற்றுங்க. எந்த நம்பர் என்று தெரியாவிட்டால் வயர்மேனைக் கேளுங்க. கே.ஜி.கண்டிகைப் பக்கம் வந்தால் என் கடைக்கு வாங்க, டீ சாப்பிடலாம். மோட்டாரை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீங்க.