ஒரு படம், இரு குரல்

உத்தியோகத்தின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் தாயகம் விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் பிலாயிலும் குடியேறி வாழும் நமக்கு ஒரு கவலை உண்டு. நம் குழந்தைகள் வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் பேசி வளர்கின்றனர். இன்று பல வகுப்பறைகளில் கரும்பலகைக்கு அருகே மின்திரையும் இடம் பெற்றுவிட்டது. அத்திரை குழந்தையின் கண்ணை ஈர்க்கிறது. கருத்தையும் ஈர்க்கிறதா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

படம் காட்டிப் பாடம் புகட்டும் முயற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1959 செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் தொலைக்காட்சி தொடங்கியது. 1961இல் அது பள்ளிகளுக்குள் நுழைந்தது. போதிய ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியின் மாணவரும் பௌதிக, இரசாயனச் சோதனைகளைக் கண்ணாரக் காண அது வழி செய்தது.

அதனினும் பெரிய முயற்சி 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடைபெற்றது. விண்கோள் வழியே சிற்றூர்களுக்குக் கல்வி அளிக்கலாம் என்று கனவு கண்ட விக்ரம் சாராபாய், அது நனவாகும் முன்பே 1971இல் மறைந்தார். அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் விண்கோளின் துணையால், ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தானம் ஆகிய 6 மாநிலங்களில் ஏறக்குறைய 2,400 சிற்றூர்களுக்கு ஒளிபரப்பு சென்றது. கம்பி வலையாலான, சுமார் 10 அடி அகலமுள்ள கிண்ண வடிவ ஏரியல்கள் அதனை ஏற்றன. மின்சாரம் எட்டாத ஊர்களில் பாட்டரி கொண்டு பெட்டியை இயக்கினர். காலை வேளை பள்ளிக் குழந்தைகளுக்கு. மாலை வேளை ஊராருக்கு.

அத்திட்டத்தில் நம் உள்ளத்தைக் கவர்வது ஒரு சிறு ஏற்பாடு. ஒரே படத்தோடு இரண்டு ஒலித் தடங்களை அவ்விண்கோள் அனுப்ப வல்லது. ஆகவே, ஒரே காட்சியை ஓர் ஊரார் தெலுங்கிலும் மற்றோர் ஊரார் கன்னடத்திலும் கேட்க இயன்றது. படம் பொதுவானது; குரல் அவரவர்க்கு உரியது. பல்லாயிரம் மைல் உயரத்தில் கருவியை நிறுத்திய விஞ்ஞானிகளும், காட்சி மனத்தில் பதிய வேண்டுமானால் வீட்டுமொழி வேண்டும் என்பதை மறக்கவில்லை.

இதன் உண்மையை நாம் அண்மையில் நேரிலே கண்டோம். நம் அண்டை வீட்டுச் சிறுமி இந்திப் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். விதை முளைப்பதைத் திரையில் காட்டியிருந்தார்கள். ‘அங்குரண்’ என்ற சொல்லைப் பிழையின்றி ஒப்பித்தாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டோம், விழித்தாள். அருகிலிருந்த பாட்டி, முதல்நாள் ஊறவைத்துத் துணியில் கட்டியிருந்த பச்சைப்பயறு மூட்டையை அவிழ்த்துக் காட்டி, “இதைத்தான் சொல்லியிருப்பாங்க, கண்ணு. முளை விட்டிருக்கு பார்!” என்றார். சிறுமியின் முகம் மலர்ந்தது. மறுநாள் ஒரு டப்பாவில் அப்பயற்றைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றாள். வகுப்பில் வாய் திறவாதிருந்த பெண், அன்று அதனைக் காட்டி இந்தியிலேயே நான்கு வாக்கியங்கள் பேசினாளாம்.

திரை செய்யாததைப் பாட்டி செய்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. விதைக்குள் நிகழும் மாறுதலை, பல நாள் வளர்ச்சியைச் சில நொடிகளில் சுருக்கிக் காட்டும் ஆற்றல் திரைக்கே உண்டு. ஆனால் கேள்வி கேட்கவும், கேட்டுக்கொண்டிருக்கவும், கையில் ஒரு பயற்றை வைக்கவும் மனிதர் வேண்டும். காட்சிக்கு முன் ஆசிரியர் ஒரு வினாவை எழுப்பி, இடையில் சற்றே நிறுத்தி, முடிந்தபின் மாணவரைப் பேசவைத்தால், அக்கருவி பாடமாகிறது. இல்லையேல் வேடிக்கையாகவே கழிந்துவிடும்.

பள்ளியில் அமர்ந்து நாம் இதைச் செய்ய இயலாது; வீட்டில் இயலும். 2017இல் தொடங்கிய ‘தீக்ஷா’ தளத்தின் வாயிலாக, பாடநூலில் அச்சிட்ட குறியீட்டைக் கைப்பேசியில் காட்டி அப்பாடத்துக்குரிய காட்சிகளைப் பெறலாம். தமிழகத்துக்கு வெளியே வாழ்வோரையும் எண்ணி 2001இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக மொழிப் பாடங்களை அளித்து வருகிறது. இவற்றைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு நாம் எழுந்து செல்லாதிருப்போமாக. உடன் அமர்வோம். “என்ன பார்த்தாய்? நம் வீட்டில் இது எங்கே இருக்கிறது?” என்று தமிழில் கேட்போம்.

இதனால் பள்ளிமொழிக்குக் குறைவு நேராது. பொருள் விளங்கிய குழந்தை எம்மொழியிலும் துணிந்து பேசும். படத்தைப் பள்ளி தரட்டும். இரண்டாவது ஒலித்தடமாக நம் இல்லங்கள் விளங்கட்டும்.