லெட்டர் பாக்ஸ்ல பேர் ஒட்டுங்க: சோளிங்கர் டூ கெம்னிட்ஸ், முதல் மூணு மாசம்

தனியா வெளிநாடு போய் ஒரு ஊர்ல நிலைச்சு நிக்கிறதைப் பத்தி இந்த எபிசோட்ல பேசப் போறேன். எந்த யுனிவர்சிட்டி நல்லது, விசா இன்டர்வியூல என்ன கேப்பாங்கன்னு சொல்ல நிறைய சேனல் இருக்கு. ஃபிளைட் விட்டு இறங்கினதுக்கு அப்புறம் வர்ற முதல் மூணு மாசத்தை யாரும் வரிசையா சொல்றதில்லை. கையில இருக்குற பணமும் மனசுல இருக்குற தைரியமும் வேகமா கரையுறது அந்த மூணு மாசத்துலதான்.

என்னைப் பத்தி ரெண்டு வரி. சொந்த ஊர் சோளிங்கர், ராணிப்பேட்டை மாவட்டம். அம்மா சிப்காட் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில அப்பர் தைக்கிறாங்க. விடியக்காலையில கம்பெனி வண்டி வரும், ஏறிப் போவாங்க. 2023 செப்டம்பர்ல முதுநிலைப் படிப்புக்காக நான் ஜெர்மனியில இருக்குற கெம்னிட்ஸ்க்கு வந்தேன்.

எங்க பக்கத்துக்கு வெளிநாடு ஒண்ணும் புதுசு இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில பதப்படுத்தின தோலும் தைச்ச ஷூவும் பல வருஷமா கப்பல் ஏறுது. இந்தியத் தோல் பொருட்களை அதிகமா வாங்குற நாடுகள்ல ஜெர்மனியும் ஒண்ணு. ஆம்பளைங்க வளைகுடாவுக்குப் போறதும் எங்களுக்குப் பழகின விஷயம்தான். ஆனா ஒரு பொண்ணு தனியா, தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இல்லாத ஊருக்குப் போறான்னா கேள்வி வரும். எங்க பெரியம்மா கேட்டாங்க: "இன்னாமா, அங்க யாரு கீறாங்கன்னு போற?" அதைக் கேலியா எடுத்துக்க வேண்டாம். வெளிநாடு போற எல்லாரும் தனக்குத்தானே கேட்டுக்க வேண்டிய முதல் கேள்வி அது. யார் இருக்காங்க? யாரும் இல்லைன்னா, யாரை எப்படி உண்டாக்கிக்கப் போறோம்?

முதல்ல பணத்தைப் பேசிடலாம். ஜெர்மனியில பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள்ல டியூஷன் ஃபீஸ் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் 2017 குளிர்காலப் பருவத்துலேர்ந்து நம்மள மாதிரி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியில இருந்து வர்றவங்ககிட்ட பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குது. மத்த இடங்கள்லயும் ஒருசில பல்கலைக்கழகங்கள் வாங்க ஆரம்பிச்சிருக்கு, அதனால விண்ணப்பிக்கும்போதே பாத்துக்கோங்க. "ஃபீஸே இல்லையா, அப்போ இலவசம்தானே"ன்னு நம்ம ஊர்ல நினைக்கிறாங்க. இலவசம் இல்லை. ஒரு வருஷம் சாப்பிட, தங்க உங்ககிட்ட காசு இருக்குன்னு விசாவுக்கு முன்னாடியே காட்டணும். அதுக்குத்தான் 'ஷ்பெர்கோன்டோ', அதாவது முடக்கப்பட்ட கணக்கு. நான் வந்தப்போ அது 11,208 யூரோ. அன்னிக்கு நிலவரத்துக்கு கிட்டத்தட்ட பத்து லட்சம் ரூபாய். 2024 செப்டம்பர்லேர்ந்து 11,904 யூரோ ஆயிடுச்சு. அந்தப் பணம் உங்களுதுதான். ஆனா மாசம் 992 யூரோவுக்கு மேல எடுக்க முடியாது.

எங்க வீட்ல அதுக்காக பேங்க் லோனோட அம்மாவோட பி.எஃப். பணமும் சேர்ந்துச்சு. இதை ஏன் சொல்றேன்னா, கடன் வாங்கிட்டு வர்ற பசங்க ஒவ்வொரு யூரோவையும் ரூபாயில பெருக்கிப் பாத்துட்டே இருப்பாங்க. ஒரு காபி மூணு யூரோன்னா, மனசுல முந்நூறு ரூபாய்னு ஓடும். அப்புறம் சாப்பாட்டைக் குறைப்பாங்க, ஹீட்டரை அணைப்பாங்க, உடம்பு முடியாமப் போயிடும். அந்த 992-ஐ ஒரு வருஷம் உயிரோட, ஆரோக்கியமா இருக்குறதுக்காக ஒதுக்கின பணமா பாருங்க. நான் விடுதியில ஒரு ரூம் எடுத்தேன், ஹீட்டிங் எல்லாம் சேர்த்து 290 யூரோ. மியூனிக்ல இந்த வாடகைக்கு ரூம் கிடைக்குறது ரொம்பக் கஷ்டம். பெரிய ஊர் பேரைப் பாத்து மயங்காம, வாடகையைப் பாத்தும் ஊரைத் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்தது பேர். இது தமிழ்நாட்டுக்காரங்களுக்கே உள்ள தனிப் பிரச்சினை. நமக்கு குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான். பத்தாவது மார்க்‌ஷீட்ல ஒரு மாதிரி, டிகிரியில ஒரு மாதிரி, பாஸ்போர்ட்ல இன்னொரு மாதிரி இருக்கும். சில பேருக்கு பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டமே காலியா இருக்கும். ஜெர்மனியில எந்த ஃபார்மும் குடும்பப் பேர் இல்லாம நகராது. 2022 நவம்பர்லேர்ந்து இந்திய மாணவர்கள் விசாவுக்கு முன்னாடி ஏ.பி.எஸ்.ங்கிற சான்றிதழ் சரிபார்ப்பை முடிக்கணும். அதுக்கு விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாப் பேப்பர்லயும் பேர் ஒத்துப்போகுதான்னு பாருங்க. பாஸ்போர்ட்டைத் திருத்தணும்னா அப்பவே திருத்திடுங்க.

என் பாஸ்போர்ட்ல சர்நேம் இடத்துல அப்பா பேர் இருக்கு. அதனால டாக்டர் ஆகட்டும், பேங்க் ஆகட்டும், இங்க எல்லாரும் என்னை 'ஃப்ராவ்'னு சொல்லி அப்பா பேரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவாங்க. எங்க அப்பா பிளேன்ல ஏறினதே இல்லை. அவர் பேரு இங்க தபால்காரருக்கு மனப்பாடம். போன்ல சொன்னப்போ ரொம்ப நேரம் சிரிச்சாரு.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஜெர்மனியில குடியேறுறது ஒரு சங்கிலி. முதல் கண்ணி, வீட்டு முகவரி. வீட்டுக்கு மாறின ரெண்டு வாரத்துக்குள்ள நகர அலுவலகத்துல முகவரியைப் பதிவு பண்ணணும். அதுக்குப் பேர் 'ஆன்மெல்டுங்'. அந்தப் பதிவுக்கு, "இவங்க என் வீட்டுல குடியிருக்காங்க"ன்னு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட பேப்பர் வேணும். பதிவு ஆனாத்தான் வரி எண் தபால்ல வரும். பகுதி நேர வேலைக்குச் சேர்ந்தா கம்பெனி அந்த எண்ணைக் கேக்கும். பல பேங்க்ல கணக்கு தொடங்கவும் பதிவுச் சீட்டு கேப்பாங்க. குடியிருப்பு அனுமதி அட்டைக்கும் அதுதான் அடிப்படை.

முகவரி இல்லைன்னா எதுவுமே நகராது. ஆனா வீடு கேட்டுப் போனா "பேங்க் கணக்கு இருக்கா, சம்பளச் சீட்டு இருக்கா"ன்னு கேப்பாங்க. இந்தச் சுழல்ல மாட்டிக்கிட்டுத்தான் பல பேர் முதல் மாசத்தை ஓட்டுறாங்க. வெளிய வர வழி இருக்கு. அட்மிஷன் லெட்டர் கைக்கு வந்த அன்னிக்கே மாணவர் விடுதிக்கு விண்ணப்பிக்கணும், ஃபிளைட் டிக்கெட் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. தற்காலிகமா ரூம் எடுத்தா, முதல் கேள்வியா "இங்க ஆன்மெல்டுங் பண்ண முடியுமா?"ன்னு கேளுங்க. முடியாதுன்னு சொன்னா அது உங்களுக்கு ஒரு ஹோட்டல் மாதிரிதான். இன்னொண்ணு, சட்டப்படி இந்த நாட்டுல தங்கியிருக்குற யாருக்கும் ஒரு அடிப்படை வங்கிக் கணக்கு தரணும்னு 2016-லேர்ந்து விதி இருக்கு. அதுக்குப் பேர் 'பாசிஸ்கோன்டோ'. பேங்க்ல முடியாதுன்னு சொன்னா, இந்த வார்த்தையைச் சொல்லிக் கேளுங்க.

இந்தச் சுழலை மோசடிக்காரங்களும் நல்லாப் புரிஞ்சு வச்சிருக்காங்க. என் கூடப் படிக்கிற ஒரு தம்பிக்கு, ஊர்ல இருக்கும்போதே ஆன்லைன்ல ரூம் கிடைச்சுது. போட்டோ அழகா இருந்துச்சு, வாடகையும் கம்மி. வீட்டுக்காரர் சொன்னது: "நான் இப்போ வேற நாட்டுல இருக்கேன், அட்வான்ஸ் அனுப்புங்க, சாவியை கூரியர்ல அனுப்பறேன்." சாவி வரவே இல்லை. இப்படி ஒரே மாதிரி கதையை இங்க வந்து பல பேர்கிட்ட கேட்டுட்டேன். வீட்டை நேர்ல பாக்காம, இல்லை நம்பிக்கையான ஒருத்தர் போய்ப் பாக்காம, பணம் அனுப்பாதீங்க. சென்னையில பத்து மாச அட்வான்ஸ்னு கேட்டுப் பழகின நமக்கு எந்தத் தொகையும் நியாயமாத்தான் தோணும். இங்க சட்டம் வேற. ஹீட்டிங், தண்ணி செலவு சேர்க்காத வாடகையில மூணு மாசத்துக்கு மேல டெபாசிட் கேக்கக் கூடாது. அதையும் மாசத்துக்கு ஒண்ணா மூணு தவணையில கட்ட உங்களுக்கு உரிமை இருக்கு.

முகவரி கிடைச்சதும் முதல் வேலை, லெட்டர் பாக்ஸ்லயும் காலிங் பெல்லுலயும் பேரை ஒட்டுறது. சின்ன விஷயம் மாதிரி தெரியும். இங்க வரி எண், பேங்க் பின் நம்பர், இன்சூரன்ஸ் கார்டு எல்லாமே தபால்லதான் வரும். பாக்ஸ்ல பேர் இல்லைன்னா தபால் திரும்பிப் போயிடும். நமக்குத் தகவலே வராது. வர்ற எந்தக் கடிதத்தையும் "ஜெர்மன்ல இருக்கு, அப்புறம் பாப்போம்"னு வைக்காதீங்க, தேதி போட்டு ஒரு ஃபைல்ல வைங்க. உதாரணத்துக்கு, ரேடியோ, டி.வி. கட்டணம்னு ஒரு கடிதம் வரும், மாசம் 18.36 யூரோ. டி.வி. இல்லைன்னாலும் கட்டணும். ஆனா அது ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. மூணு பேர் ஒரே வீட்டுல இருந்தா ஒருத்தர் கட்டினாப் போதும், மத்தவங்க அந்தக் கணக்கு எண்ணைச் சொல்லி எழுதிப் போட்டா விட்டுடுவாங்க.

எங்க ஊர் மலைக் கோயிலுக்கு 1,305 படி. நான் கிளம்பினதுக்கு அப்புறம் ரோப்கார் வந்துடுச்சு, இனிமே படி ஏறத் தேவையில்லைன்னு அம்மா சொன்னாங்க. இந்தப் பேப்பர் வேலைக்கு ரோப்கார் கிடையாது. "நான் எல்லாம் முடிச்சுத் தர்றேன்"னு சொல்ற ஏஜென்ட் பாதிப் படியில இறக்கி விட்டுடுவாரு. வரிசை தெரிஞ்சா நீங்களே ஏறிடலாம்.

அடுத்தது குளிர், இருட்டு. டிசம்பர்ல சாயந்திரம் நாலு மணிக்கே சூரியன் போயிடும். ஞாயித்துக்கிழமை கடை கிடையாது. அன்னிக்கு மிக்ஸி போட்டாக்கூட பக்கத்து ரூம்ல கதவைத் தட்டுவாங்க. அந்த அமைதி நமக்குப் பழக்கம் இல்லாதது. தெருவுல ஸ்பீக்கர் சத்தம் இல்லாம தூக்கம் வராதுன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது.

குளிருக்கு ஷூ வாங்கக் கடைக்குப் போனேன். அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவங்க விலையே கேக்கலை. "திருப்பிக் காட்டு, டங்க் ரெண்டு பக்கமும் அப்பரோட சேர்த்துத் தைச்சிருக்கான்னு பாரு. இல்லைன்னா பனி உள்ள போயிடும்"னு சொன்னாங்க. உள்பக்கம் ஒட்டியிருக்குற லேபிள்ல தோல் படம் எந்தப் பாகத்துக்கு நேரா இருக்குன்னு பாக்கச் சொன்னாங்க. ஐரோப்பாவுல விக்கிற ஷூவுல அப்பர், உள்துணி, சோல் எதால ஆனதுன்னு படமாவோ எழுத்தாவோ போடணும்னு விதி. அதை ஐரோப்பாவுக்கு வந்ததே இல்லாத எங்க அம்மா எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டு ஜோடியை வேண்டாம்னுட்டு மூணாவதை எடுக்கச் சொன்னாங்க. ரெண்டு குளிர்காலம் ஓடிடுச்சு, இன்னும் தண்ணி இறங்கலை. வீட்டுல இருக்குறவங்களுக்கு வெளிநாட்டைப் பத்தி என்ன தெரியும்னு நினைச்சு அவங்ககிட்ட பேசுறதைக் குறைச்சுடாதீங்க.

கஷ்டமான ஒண்ணையும் சொல்லணும். கெம்னிட்ஸ்ல 2018 ஆகஸ்ட் கடைசியில ஒரு கொலைக்கு அப்புறம் தீவிர வலதுசாரி ஊர்வலங்கள் நடந்துச்சு, வெளிநாட்டுக்காரங்க மாதிரி தெரிஞ்சவங்களைத் தாக்கினாங்க. அதே ஊர்ல, செப்டம்பர் 3-ம் தேதி அதுக்கு எதிரா நடந்த இசை நிகழ்ச்சிக்கு சுமார் 65,000 பேர் கூடினாங்க. ரெண்டுமே இந்த ஊர்தான். டிராம்ல ஒரு பெரியவர் என்னைப் பாத்து ஏதோ சொன்னாரு. புரியாம நான் சிரிச்சுட்டேன். இறங்கினதுக்கு அப்புறம் கூட வந்த பொண்ணு அர்த்தம் சொன்னா. மொழி தெரியலைன்னா அவமானம்கூட லேட்டாத்தான் வந்து சேரும். எதிர்ல நின்னு பதில் சொல்ற வாய்ப்பும் போயிடும். கோர்ஸ் இங்கிலீஷ்ல இருக்குன்னு ஜெர்மன் கத்துக்காம வராதீங்க. வேலைக்கு வேணும்ங்கிறது அப்புறம். உங்களுக்கு என்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியுறதுக்கு முதல்ல வேணும்.

பெரியம்மாவோட கேள்விக்கு வர்றேன். 2023-24 குளிர்காலப் பருவத்துல ஜெர்மனியில சுமார் 49,000 இந்திய மாணவர்கள் இருந்தாங்க, வெளிநாட்டு மாணவர்கள்ல நம்மதான் முதலிடம். அப்போ ஆள் இருக்காங்க. ஆனா வாட்ஸ்ஆப் குரூப்ல முந்நூறு பேர் இருக்குறதும், காய்ச்சல்ல கஞ்சி கொண்டு வர ஒருத்தர் இருக்குறதும் வேற வேற. எனக்கு அந்த ஒருத்தர், எதிர் ரூம்ல இருந்த ஒரு வியட்நாம் பொண்ணு. மொழியே சரியா இல்லாத ரெண்டு பேரும் சோத்தை வச்சுத்தான் பழகினோம். முதல் மாசத்துலயே ஒரு ஆளோட கதவைத் தட்டுற அளவுக்குப் பழகிடுங்க. அவங்க தமிழா இருக்கணும்னு இல்லை.

போன்ல மூணு நம்பரை இப்பவே சேவ் பண்ணுங்க. ஆம்புலன்ஸ், தீயணைப்புக்கு 112. போலீஸுக்கு 110. ராத்திரியில டாக்டர் வேணும், ஆனா உயிருக்கு ஆபத்து இல்லைன்னா 116117. மனசு சரியில்லைன்னாலும் டாக்டர்கிட்ட போகலாம், உங்க இன்சூரன்ஸ் அதுக்கும் சேர்த்துத்தான்.

கடைசியா ஒண்ணு. கடன் இருக்கு, ஊர்ல பேசுவாங்கன்னு, முடியாத நிலையிலயும் இங்கயே கிடக்கணும்னு யாருக்கும் கட்டாயம் இல்லை. திரும்பிப் போறதும் ஒரு வழிதான். ஆனா அந்த முடிவை மட்டும் டிசம்பர்ல எடுக்காதீங்க. ஏப்ரல் வரைக்கும் பொறுங்க. வெளிச்சம் வரும், பேப்பர் எல்லாம் கைக்கு வந்திருக்கும், கடையில ரெண்டு வார்த்தை பேசியிருப்பீங்க. அதுக்கப்புறமும் வேண்டாம்னு தோணினா, அது யோசிச்சு எடுத்த முடிவு. தலை நிமிர்ந்து போகலாம்.

அக்டோபர்ல வர்றவங்க பேரைப் பெரிய எழுத்துல பிரின்ட் எடுத்து, ஒரு செல்லோ டேப்போட ஹேண்ட் லக்கேஜ்ல வச்சுக்கோங்க.