நூற்றுப் பத்தொன்பது நாள் பிந்திய வெளிச்சம்

 

இன்று பட்டம் பெறும் செல்வங்களே, உங்கள் ஆயக்குடியில் நின்று தெற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர். அந்த மலைமேல் 1899 முதல் கொடைக்கானல் வானாய்வகம் இருக்கிறது. நான் பி.எஸ்சி. படிக்கும்போது பழனியில் பஸ் ஏறி அதைப் பார்க்கப் போனேன். அதற்குப் பிறகு வேறு எந்த வேலையிலும் மனசு ஒட்டவில்லை. கடைசியில் குவேசாரிடம் வந்து சேர்ந்தேன்.

எங்கோ தொலைவில் ஒரு விண்மீன் மண்டலம். அதன் நடுவே ராட்சதக் கருந்துளை. அதற்குள் விழும் வாயு சூடேறி வீசும் வெளிச்சமே குவேசார். வழியில் இன்னொரு மண்டலம் குறுக்கிட்டால் அதன் ஈர்ப்பு ஒளியை வளைத்துவிடும். ஒரே குவேசார் இரண்டாகவோ நான்காகவோ தெரியும். முதல் இரட்டை அகப்பட்டது 1979இல். பின்னர் ஸ்லோன் வான் தொகுப்பாய்வில் சுமார் 50,000 குவேசார்களைச் சலித்ததில், எல்லா நிபந்தனைக்கும் தேறியவை வெறும் 26. உங்கள் ஊர்ச் சந்தையில் கொய்யா தரம் பிரிப்பதுபோல முதலில் நிறமும் வடிவமும் பார்த்து ஒதுக்குவார்கள். அப்படி ஒதுக்கியதிலும் பல, பக்கத்தில் தற்செயலாக ஒரு நட்சத்திரம் அமைந்தவையாகப் போய்விடும். இரு புள்ளிகளின் நிறமாலைக் கோடுகளும் ஒத்துப்போய், நடுவே வளைக்கும் மண்டலமும் தென்பட்டால்தான் நம்புவோம்.

கண்டுபிடித்தால் கைதட்டல் கிடைக்கும். என் மனசுக்குப் பெரிதாகப் படுவது அதன் பிறகு நடக்கும் வேலை. எஸ்டிஎஸ்எஸ் ஜே1001+5027 என்றொரு இரட்டை. லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இமாலயச் சந்திரா தொலைநோக்கியும், உஸ்பெகிஸ்தானிலும் கேனரித் தீவிலும் உள்ள வேறு இரண்டும் 2005 மார்ச் முதல் 2011 ஜூலை வரை இதையே திரும்பத் திரும்பப் பார்த்தன. மொத்தம் 443 பதிவுகள். ஹான்லே தொலைநோக்கியை இயக்குவது பெங்களூரு அருகே ஹோசகோட்டையிலிருந்து, செயற்கைக்கோள் வழியாக. திரையில் ஒட்டியும் ஒட்டாமலும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். காற்று கொஞ்சம் அலைந்தாலும் ஒன்றாகிவிடும். ஓர் இரவின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் கோத்து, இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ரத்ன குமார், ஸ்டாலின் உள்ளிட்ட குழுவினர் 2013இல் முடிவை வெளியிட்டார்கள்: இரு வழிகளில் வரும் ஒளிக்கு ஆகும் காலம் வேறு என்பதால், ஒரு படிமத்தில் தெரியும் ஒளியின் ஏற்ற இறக்கம் 119.3 நாள் கழித்து மற்றதில் தெரிகிறது, பிழை 3.3 நாள். இந்த இடைவெளியோடு வளைக்கும் மண்டலத்தின் நிறைப் பரவலையும் கணக்கிட்டால் பிரபஞ்சம் விரியும் வேகம் கிடைக்கும். அது ஒரு மெகாபார்செக் தொலைவுக்கு நொடிக்கு 67 கிலோமீட்டரா, 73 கிலோமீட்டரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

பிள்ளைகளே, அந்த 443இல் ஒன்றை எடுத்தவருக்கு அன்றிரவு கையில் பலன் எதுவும் இல்லை. ஆனாலும் ஒழுங்காக எடுத்து வைத்தார். உங்களிடம் நான் கேட்பதும் அந்த ஒழுங்கைத்தான்.

சிலியில் ரூபின் வானாய்வகம் 2025இல் முதல் படங்களை வெளியிட்டது. பத்து ஆண்டு தென்வானத்தைப் பதிவு செய்யப்போகிறது; இத்தகைய குவேசார்கள் சில ஆயிரம் அதில் சிக்கும் என்பது எதிர்பார்ப்பு. முதல் சலிப்பைக் கணினி செய்யும். கணினி அறிவியல் படித்தவர்களுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது. இயற்பியல் முடித்தவர்கள், ஆராய்ச்சிப் படிப்பில் சேர்வதற்கான ஜெஸ்ட் நுழைவுத் தேர்வு எழுதுங்கள். விண்ணப்பத்தில் சந்தேகம் இருந்தால், விழா முடிந்ததும் என்னிடம் வந்து கேளுங்கள். மாலை வரை இங்கேதான் இருப்பேன்.